ஓட்டத்துக்கு ஒரு ரிவால்வர்: முதலில் பருப்பை எடை போடுங்கள்

எங்கள் ஓட்டக் குழுவில் ஒரு தங்கை இருக்கிறாள். போன மாதம் கிரீன் கார்டு கைக்கு வந்ததும் என்னிடம் வந்தாள். "அக்கா, காலையில ஓடும்போது நீங்க இடுப்புல வச்சிருக்கீங்களே, அது மாதிரி எனக்கும் ஒண்ணு வாங்கணும். இருக்கிறதிலேயே லேசானது எதுக்கா?"

ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் கடையில் இதையேதான் கேட்டேன். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒரு ரிவால்வரை என் உள்ளங்கையில் வைத்தார். துப்பாக்கியின் உடலான சட்டம் ஸ்கேண்டியம் கலந்த அலுமினியம், தோட்டாக்கள் உட்காரும் சுழல் சிலிண்டர் டைட்டானியம், எடை ஏறக்குறைய 330 கிராம். கையில் இருப்பதே தெரியவில்லை. அங்கேயே பணம் கட்டிவிட்டேன். அந்த வாரமே ரேஞ்சுக்குப் போய் .357 மேக்னம் தோட்டா ஐந்து சுட்டேன். மூன்றாவதில் கட்டைவிரல் கணுவில் தோல் உரிந்தது. ஐந்தாவது முடிந்தபோது பிடியில் ரத்தம் பட்டிருந்தது. அப்புறம் எட்டு மாதம் அது பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. கடைசியில் பாதி விலைக்கு விற்றேன்.

அதனால் தங்கையிடம் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கச் சொன்னேன். மாதம் ஒரு முறை 50 தோட்டா, கை நோகாமல் சுட முடிகிற துப்பாக்கிகளில் லேசானது எது? இந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் இருப்பது டெக்சாஸில், ஆஸ்டினுக்கு வடக்கே. ஓடுவது பிரஷி க்ரீக் ஓரமாகப் போகும் பாதையில். கோடையில் வெயில் ஏறுவதற்கு முன்பே முடிக்க வேண்டும் என்பதால் இருட்டோடு கிளம்பிவிடுவேன்.

முதலில் நாட்டுச் சட்டம். நம்மவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதையும் வைத்திருப்பதையும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் ஒரு வழக்கறிஞரிடம் கேட்காமல் அவற்றை நம்பி இறங்காதீர்கள். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தகுதியுள்ள 21 வயதானவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் ஓடுகிறவர்கள் மாநில உரிமத்தை வாங்கிவிடுங்கள். பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு போவதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று இருக்கிறது. அந்த மாநிலத்தின் உரிமம் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. என்னுடைய 8 கிலோமீட்டர் வழியில் இரண்டு பள்ளிகள் வருகின்றன. நம் குடியிருப்புப் பகுதிகளில் பள்ளியைத் தொடாமல் ஓடுவது முடியாத காரியம். கட்டணம் 40 டாலர்தான், வகுப்புச் செலவு தனி. உரிமம் இருந்தாலும் பள்ளி மைதானத்தில் ஓடப் போகும் நாளில் துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும். வேறு மாநிலமென்றால் அந்த ஊர்ச் சட்டத்தைப் படித்துவிட்டு மேற்கொண்டு யோசியுங்கள்.

சரி, ஏன் ரிவால்வர்? இதைவிட மெல்லிய, அதிகத் தோட்டா பிடிக்கும் பிஸ்டல்கள் எவ்வளவோ இருக்கின்றன. ஓட்டத்துக்கு என்று வரும்போது நான் ரிவால்வர் பக்கம் நிற்பதற்குக் காரணம் உண்டு. பிஸ்டலில் ஒவ்வொரு சுடுதலுக்கும் மேல்பாகம் பின்னால் போய்த் திரும்பி வர வேண்டும். கை தளர்ந்திருந்தாலோ, எதிராளி மேலே விழுந்து உடம்போடு உடம்பு அழுந்தியிருந்தாலோ அது பாதியில் நின்றுபோகலாம். ஐந்து கிலோமீட்டர் ஓடிய கை தளர்ந்துதான் இருக்கும். ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை அழுத்தினால் அடுத்தது வந்து நிற்கும். ஆனால் குறி தப்பாமல் சுடக் கற்பது பிஸ்டலைவிட ரிவால்வரில்தான் கடினம். பேரல் குட்டை, விசை கனம். பயிற்சிக்கு நேரம் இல்லாதவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

கடைக்குப் போவதற்கு முன் சமையலறைக்குப் போங்கள். தராசில் 450 கிராம் துவரம் பருப்பு எடை போட்டு, ஒரு ஜிப் பையில் இறுக்கமாகக் கட்டி, ஓடும் பெல்ட்டில் செருகிக்கொண்டு ஒரு வாரம் ஓடுங்கள். தோட்டா போட்ட அலுமினியச் சட்ட ரிவால்வர் ஏறக்குறைய இந்த எடைதான் வரும், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிடக் கொஞ்சம் குறைவு. எந்த இடத்தில் உரசுகிறது, எப்போது கால்சட்டையைக் கீழே இழுக்கிறது என்று நாலாம் நாளுக்குள் தெரிந்துவிடும். நான் செய்து பார்த்ததில், கைக்குப் பெரிதாகத் தெரிந்த 100 கிராம் வித்தியாசம் நன்றாக இறுக்கிய இடுப்புக்குத் தெரியவே இல்லை. லேசானதுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

எடை குறைந்தால் உதை கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு கூடும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அதே தோட்டாவை, பாதி எடையுள்ள துப்பாக்கியில் சுட்டால் உதையின் ஆற்றல் இருமடங்கு. என் கட்டைவிரல் இதைக் கணக்குப் போடாமலே கற்றுக்கொண்டது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மிக லேசான ரிவால்வர் பின்னால் துள்ளும் வேகத்தில், இன்னும் சுடாத தோட்டாக்களின் முனையிலுள்ள குண்டு, அதைப் பிடித்திருக்கும் உலோக ஓட்டிலிருந்து முன்னால் நழுவி வரலாம். நழுவிய முனை துப்பாக்கிச் சட்டத்தில் இடித்தால் சிலிண்டர் சுற்றாது, துப்பாக்கி பூட்டிக்கொள்ளும். எந்தத் தோட்டா வாங்கினாலும் நான் செய்கிற சோதனை இது: ஒன்றின் நீளத்தை அளவுகோலால் அளந்து, பேனாவால் குறி போட்டு, சிலிண்டரின் ஐந்தாவது அறையில் வைப்பேன். மற்ற நான்கையும் சுடுவேன். குறி போட்டதை வெளியே எடுத்து மறுபடி அளப்பேன். நீளம் கூடியிருந்தால் அந்த வகைத் தோட்டா என் துப்பாக்கிக்கு ஆகாது.

நான் கைவைத்துப் பார்க்கச் சொல்வது இரண்டே இரண்டு. ஒன்று ஸ்மித் & வெஸன் 642 ஏர்வெயிட். அலுமினியச் சட்டம், ஐந்து தோட்டா, .38 ஸ்பெஷல் (நான் முதலில் சுட்ட .357ஐவிட உதை குறைந்த தோட்டா வகை), எடை சுமார் 410 கிராம். கறுப்பில் வேண்டுமானால் 442. இன்னொன்று ரூகர் எல்சிஆர். 2009இல் வந்தது. பிடியும் விசைப் பகுதியும் பாலிமரில் இருப்பதால் .38இல் சுமார் 380 கிராம்தான். இரண்டிலும் தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் சுத்தியல் உள்ளே மறைந்திருக்கும், வெளியே எடுக்கும்போது பனியனில் மாட்டாது. இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். எனக்கு எல்சிஆரின் விசை பிடித்தது, பாதியில் கனம் கூடாமல் ஒரே சீராகப் பின்னால் வருகிறது. என் கை சின்னது. நீங்கள் ரேஞ்சில் இரண்டையும் வாடகைக்கு எடுத்து, ஒரே நாளில் மாற்றி மாற்றிச் சுட்டுப் பாருங்கள். ஸ்டாண்டில் நின்று இருபது தடவை விசையை அழுத்திய பிறகு விரல் நடுங்கினால் அது உங்களுக்குரியது இல்லை.

.38கூட அதிகம் என்கிறவர்கள், மணிக்கட்டு வலி உள்ளவர்கள் .32 எச்&ஆர் மேக்னத்தைப் பாருங்கள். அதே அளவுத் துப்பாக்கியில் ஆறு தோட்டா, உதை நன்றாகவே குறைவு. தோட்டா விலை கூடுதல், எல்லாக் கடையிலும் கிடைக்காது. .22இல் எட்டுத் தோட்டா கிடைக்கும், உதை மிகமிகக் குறைவு. ஆனால் அதன் தோட்டாக்களில் வெடிக்காமல் போகிறவை மற்றவற்றைவிட அதிகம், விசையும் பெரும்பாலும் கனமாக இருக்கும். வேறு எதையும் சுட முடியாதவர்களுக்கு மட்டும் அது.

தோட்டாவைப் பொறுத்தவரை நான் போடுவது வாட்கட்டர், குண்டின் எடை 148 கிரெய்ன் (ஏறக்குறைய 9.6 கிராம்). மூக்கு தட்டையாக, மருந்துப் புட்டி மூடி மாதிரி இருக்கும். பலர் இதைக் காகிதத்தில் ஓட்டை போடுகிற பயிற்சித் தோட்டா என்று ஒதுக்குவார்கள். ஆனால் இரண்டு அங்குலம்கூட இல்லாத பேரலிலிருந்து கிளம்பும் விரிகுண்டு (இலக்கில் பட்டதும் விரிவதற்காகச் செய்த குண்டு), வேகம் போதாமல் பல நேரம் விரிவதே இல்லை. விரியாத குண்டுக்காக வலுவான உதையைத் தாங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. வாட்கட்டர் அதிகம் உதைக்காது, நேராகப் போகும், இரண்டாவது குண்டும் முதல் குண்டின் பக்கத்திலேயே விழும். முன்குறியில் ஆரஞ்சு நிற நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு அடித்து வைத்திருக்கிறேன். விடியற்கால வெளிச்சத்தில் கறுப்புக் குறி கண்ணுக்குத் தெரியாது, இது தெரிகிறது.

துப்பாக்கிக்குச் செலவழித்த அக்கறையில் பாதியையாவது உறைக்குச் செலவழியுங்கள். கால்சட்டைப் பையில் போட்டு ஓடினால் ஒவ்வொரு அடிக்கும் தொடையில் அடிக்கும். துணியில் தைத்த வயிற்றுப் பட்டைகள் வேர்வையில் தொய்ந்துவிடும். விசையை முழுவதும் மூடுகிற கைடெக்ஸ் என்ற கடினமான பிளாஸ்டிக் உறை, கால்சட்டையைச் சாராமல் தன் சொந்தப் பட்டையில் இடுப்பைச் சுற்றி நிற்கும் வகைதான் எனக்கு ஒத்துவந்தது. எனிக்மா என்ற பெயரில் வருவது அந்த வகை. உடம்புக்கும் உறைக்கும் நடுவே ஒரு மெல்லிய பனியன் கட்டாயம். இடுப்புப் பைதான் வேண்டும் என்றால், துப்பாக்கிக்கென்று தனி அறை உள்ளதாக வாங்குங்கள். அந்த அறையில் வீட்டுச் சாவியோ ஜெல் பாக்கெட்டோ எதுவும் போடக் கூடாது. தண்ணீர் குடிக்க நிற்கும்போது பையை அவிழ்த்து பெஞ்சில் வைக்கவே கூடாது. எங்கள் பாதையில் மறந்துவிட்டுப் போன பைகளை நானே பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். துப்பாக்கிக்கு முன்னால் கையில் மிளகு ஜெல் இருக்க வேண்டும். போன வருடம் பாலத்துக்குக் கீழே கயிறு இல்லாத இரண்டு நாய்கள் பாய்ந்து வந்தன. நாய்களுக்குப் பின்னால், முப்பது அடி தூரத்தில், அவற்றின் சொந்தக்காரர் கத்திக்கொண்டே ஓடி வந்துகொண்டிருந்தார். நான் ஜெல்லைப் பீய்ச்சினேன். முதல் நாய் மூக்கைப் புல்லில் தேய்த்தது, இரண்டாவது நின்றுவிட்டது. அந்த இடத்தில் துப்பாக்கியை எடுத்திருந்தால் என் குறிக்கு நேர் பின்னால் ஒரு மனிதர். இந்த ஆறு வருடத்தில் ஓட்டத்தின்போது ஒருநாள்கூட துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கவில்லை. எடுக்காமலே இருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் கும்பிட்டுவிட்டுக் கிளம்புகிறேன்.

பயிற்சியை நின்ற இடத்தில் மட்டும் செய்யாதீர்கள். வாரம் இரண்டு நாள் ஓடி முடித்து, மூச்சு இரைக்கும்போதே நான் கராஜுக்குப் போவேன். தோட்டாவை எல்லாம் எடுத்து வீட்டுக்குள் வேறு அறையில் வைத்துவிட்டு, சிலிண்டரின் ஐந்து அறையையும் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு எண்ணி, பொம்மைத் தோட்டா போடுவேன். செங்கல் சுவரைப் பார்த்து, பேரல் மேல் ஒரு 10 சென்ட் காசை வைத்து, அது விழாமல் விசையை அழுத்த வேண்டும். நாடித் துடிப்பு 150இல் இருக்கும்போது காசு விழுந்துகொண்டே இருக்கும். பத்துக்கு ஏழு நிற்கும்வரை எனக்கு மூன்று மாதம் ஆனது.

வேர்வை ரிவால்வருக்கு எமன். சட்டம் அலுமினியமாக இருந்தாலும் சிலிண்டர், பேரல், திருகு எல்லாம் எஃகுதான். முதல் கோடையில் பிடித் திருகின் பள்ளத்தில் வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருந்தது. துடைத்துப் பார்த்தால் அடியில் கடுகளவு துரு. அதிலிருந்து ஓடி வந்ததும் துடைக்காமல் விடுவதில்லை. வாரக் கடைசியில் ஒரு சொட்டு எண்ணெய். தோட்டாவை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவப் பாகத்துக்கு அடியில் துணிப் பஞ்சு சேரும், பழைய டூத் பிரஷ்ஷால் எடுங்கள். தினமும் வேர்வையில் நனைகிற தோட்டாக்களை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரேஞ்சில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதிது போடுகிறேன்.

வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். கதவைத் திறந்து உள்ளே வந்தால் ஷூவைக் கழற்றுவதற்கு முன், தண்ணீர் குடிப்பதற்கு முன், துப்பாக்கி பூட்டுப் பெட்டிக்குள் போக வேண்டும். குளித்துவிட்டு வைக்கலாம் என்ற பேச்சே கிடையாது.

தங்கை இப்போது பருப்புப் பையோடு ஓடுகிறாள். இடது பக்கம் எலும்பில் இடிக்கிறது என்றாள், தொப்புளுக்கு வலது பக்கமாக நகர்த்திக் கட்டச் சொன்னேன். வரும் சனிக்கிழமை இரண்டு பேரும் ரேஞ்சுக்குப் போகிறோம். 642 ஒன்று, எல்சிஆர் ஒன்று, வாட்கட்டர் இரண்டு பெட்டி.