பெயர் கோப்புக்குள் இல்லை: கிட் உள்ளே எட்டிப் பார்ப்போம்

தைப்பூசக் காவடி அழைப்பிதழை மொரீஷியஸின் ரோஸ் ஹில்லுக்கு ஒன்று, வாக்குவாவுக்கு ஒன்று என்று இரண்டு கோப்புறைகளில் வைத்திருந்தேன். இரண்டிலும் ஒரே வாசகம். "கிட் இதை ரெண்டு தடவை சேமிக்குமா அண்ணா?" என்று கேட்டான் தம்பி. கிட் என்பது கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் மென்பொருள். செய்தே பார்ப்போம். (கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன்; ஆங்கிலத்தில் தட்டுங்கள். விண்டோஸ்காரர்கள் கிட்டோடு வரும் கட்டளைத் திரையான கிட் பேஷைத் திறந்துகொள்ளுங்கள்.)

1. புதிய கோப்புறை ஒன்றில் 'கிட் இனிட்' கொடுங்கள். உள்ளே ரோஸ்ஹில், வாக்குவா என இரண்டு கோப்புறைகள் உருவாக்குங்கள். 'எக்கோ காவடி' கட்டளையின் விளைவை முதலாவதில் 'அழைப்பு' என்ற கோப்பாகச் சேமித்து, 'கிட் ஆட்' செய்யுங்கள்.

2. '.கிட்/ஆப்ஜெக்ட்ஸ்' உள்ளே பாருங்கள். இரண்டெழுத்தில் ஒரு கோப்புறை, அதற்குள் 38 எழுத்தில் ஒரு கோப்பு. சேர்த்தால் 40 எழுத்து. அதுதான் எஸ்எச்ஏ-1 முகவரி, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற அடையாளம். கோப்பின் உள்ளடக்கத்தைத் தாங்கும் இந்தப் பொருளின் பெயர் பிளாப். 'கிட் கேட்-ஃபைல் -எஸ்' என்று முகவரியோடு கொடுத்தால் அதன் அளவு, 16 பைட், என்று வரும். க, துணைக்கால், வ, ட, இகர மேல்விலங்கு ஆகிய ஐந்துக்கும், எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் மும்மூன்று பைட். வரி முடிவுக்கு ஒன்று. முகவரி கணக்கிடப்படுவது பிளாப் என்ற சொல், இந்த அளவு, உள்ளடக்கம் ஆகியவற்றிலிருந்து மட்டுமே. 'அழைப்பு' என்ற பெயர் அதில் எங்குமே இல்லை.

3. அதே கோப்பை வாக்குவாவுக்கு நகலெடுத்து 'ஆட்' செய்துவிட்டு சேமித்த பொருள்களை எண்ணும் 'கிட் கவுண்ட்-ஆப்ஜெக்ட்ஸ்' கொடுங்கள். இன்னும் ஒன்றுதான்! தம்பிக்குப் பதில் கிடைத்துவிட்டது.

4. இப்போது கமிட் செய்து, அதாவது இந்த நிலையை நிரந்தரமாகப் பதிந்து, மறுபடி எண்ணுங்கள்: 4. பிளாப் ஒன்று, கமிட் ஒன்று, மேல்கோப்புறைக்கு ட்ரீ ஒன்று. ஆனால் இரண்டு உள்கோப்புறைகளுக்கும் சேர்த்தே ஒரு ட்ரீதான். ட்ரீ என்பது அனுமதி எண், பெயர், முகவரி கொண்ட வெறும் பட்டியல். இரண்டு பட்டியலும் அச்சு அசல் ஒன்று, அதனால் முகவரியும் ஒன்று. 'கிட் எல்எஸ்-ட்ரீ ஹெட்' போட்டுப் பாருங்கள் (ஹெட் என்றால் இப்போதைய கமிட்): இரண்டு வரியிலும் கோப்புறைக்கான எண் 040000, ஒரே 40 எழுத்து. பெயர் மட்டும் வேறு. தமிழ்ப் பெயர் \340\256 என்று எண்களாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், 'கோர்.கோட்பாத்' அமைப்பை 'ஃபால்ஸ்' ஆக்கினால் தமிழ் வந்துவிடும்.

5. அப்புறம் காலிக் கோப்புறை ஒன்று போட்டு 'கிட் ஸ்டேட்டஸ்' பாருங்கள். கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, ஏனென்றால் கமிட்டுக்குக் காத்திருக்கும் பட்டியலில் கோப்புகளுக்குத்தான் இடம். அதற்காகத்தான் பலரும் '.கிட்கீப்' என்று வெற்றுக் கோப்பு ஒன்றை உள்ளே வைக்கிறார்கள். கிட்டுக்கு அந்தப் பெயர் தெரியாது. 'தேங்காய்' என்று வைத்தாலும் வேலை நடக்கும்.