துபாய்ல வேலை போச்சுன்னா எதை மொதல்ல பண்றது

போன மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு துபாய்ல இருந்து மச்சான் பையன் போன் பண்றான், "மாமா, லெட்டர் குடுத்துட்டாங்க"ன்னு. எடுத்த எடுப்புலயே அடுத்த வேலை எங்க தேடறதுன்னு கேட்டான். நான் கேட்டது ஒண்ணுதான், வீட்ல சொன்னியாடான்னு. இல்லையாம். பொண்டாட்டி புள்ளைங்க உள்ள தூங்குதாம், இவன் பால்கனில நின்னு குசுகுசுன்னு பேசிட்டிருக்கான். கண்ணு, மொதல்ல உள்ள போய் அவள எழுப்பி சொல்லு, மிச்சத்த நாளைக்குப் பேசலாம்னு வெச்சுட்டேன். மறுநாள் ஒன்றரை மணி நேரம் பேசினோம். அதையே எழுதிக் குடுங்க மாமான்னு கேட்டான், அதான் இது. அவன மாதிரி குடும்பத்தோட அங்க இருக்கற நம்ம ஊர்க்காரங்க நெறய பேரு, யாருக்காவது உதவட்டும்.

இத சொல்ல எனக்கு என்ன தகுதின்னா ரெண்டு தடவ அடி வாங்கியிருக்கேன். 2008 செப்டம்பர்ல லேமன் பிரதர்ஸ் கவுந்துச்சுல்ல, அது அமெரிக்கா கதைன்னு நெனச்சிட்டிருந்தோம், நாலே மாசத்துல துபாய்ல பாதி கிரேன் நின்னுருச்சு, 2009 பிப்ரவரில என் கைல லெட்டர். நான் அப்ப ஒரு கட்டட கம்பெனில குவான்டிட்டி சர்வேயர். வீட்ல சொல்ல வாய் வரல, பதினெட்டு நாள் காலைல டை கட்டிக்கிட்டு டிபன் பாக்ஸோட கெளம்பி ஒரு மால் பார்க்கிங்ல கார்லயே உக்காந்துட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்திருக்கேன். நோட்டீஸே முப்பது நாள், அதுல பதினெட்டு நாள் இப்படிப் போச்சு. கடைசில பக்கத்து ஃபிளாட் அம்மா மூலமா பொண்டாட்டிக்குத் தெரிஞ்சு, ஒரு வார்த்த திட்டல, புள்ளையோட பழைய நோட்ட எடுத்து உக்காந்து ஒரு மணி நேரத்துல எந்த செக் எந்த தேதி, ஸ்கூல் ஃபீஸ் எவ்ளோ, சீட்டுப் பணம் எவ்ளோன்னு எழுதிட்டா. ரெண்டாவது தடவ 2020, அப்ப லெட்டர் வந்த அன்னிக்கே சேலத்துல நம்ம வீட்டுக்கு போன் போட்டுட்டேன், அதனாலயே பாதி பாரம் கம்மி.

இப்ப விஷயத்துக்கு வரேன். பணத்த எண்றதுக்கு முன்னாடி நாள எண்ணுங்க. எல்லாமே விசா கேன்சல் ஆகற தேதியச் சுத்தித்தான் இருக்கு, அந்த தேதிக்கு முன்னாடி முடிக்க வேண்டியது எது, அப்புறம் பாத்துக்கலாம்ங்கறது எதுன்னு பிரிச்சிட்டீங்கன்னா தலை சுத்தாது. எச்ஆர் ஆளு அவன் ஃபைல முடிக்கணும்னு சீக்கிரம் கேன்சல் பண்ணப் பாப்பான். நீங்க தன்மையா, ஆனா எழுத்துல, மெயில்ல தேதி கேளுங்க. சட்டப்படி நோட்டீஸ் குறைஞ்சது 30 நாள், காண்ட்ராக்ட்ல போட்டிருந்தா 90 நாள் வரைக்கும். அந்த நோட்டீஸ் காலத்துல வாரத்துக்கு ஒரு நாள் சம்பளம் இல்லாம லீவு எடுத்து வேற வேலை தேட உரிமை இருக்கு, மூணு நாள் முன்னாடி சொல்லிட்டா போதும். இத நெறய பேரு கேக்கறதே இல்ல. கேன்சல் ஆனதுக்கு அப்புறம் நாட்ல இருக்க எங்க காலத்துல 30 நாள்தான் குடுப்பாங்க, 2022-க்கு அப்புறம் விசா வகையப் பொறுத்து 180 நாள் வரைக்கும்கூட ஆக்கிட்டாங்க. உங்களுக்கு எத்தன நாள்னு இமிக்ரேஷன் சைட்ல நீங்களே பாருங்க, விசா ஃபாரம் அடிச்சுக் குடுக்கற டைப்பிங் சென்டர்காரன் வாய்வார்த்தய நம்பி ஓவர்ஸ்டே ஃபைன் கட்டினவங்கள எனக்குத் தெரியும்.

உங்க ஸ்பான்சர்ல பொண்டாட்டி புள்ளைங்க விசா இருந்தா அத மொதல்ல கேன்சல் பண்ணணும், இல்ல ஹோல்ட்ல வெக்கணும், அப்புறந்தான் உங்களது. அதனால கேன்சல்னு கையெழுத்து போடறதுக்கு முன்னாடி குடும்பம் என்ன பண்ணப் போகுதுன்னு முடிவு பண்ணியிருக்கணும். கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கும்போதே பல்லு, கண்ணு, ரத்த டெஸ்ட், புள்ளைங்களுக்கு தடுப்பூசி எல்லாத்தையும் முடிச்சிருங்க. அதே வாரம் சேலத்துல ஒரு ஃபேமிலி ஹெல்த் பாலிசிய ஆரம்பிச்சிருங்க, ஏன்னா இங்க மொத 30 நாளைக்கு விபத்து தவிர எதுக்கும் குடுக்க மாட்டான், ஏற்கனவே இருக்கற சுகர் பிரஷருக்கு வருஷக்கணக்குல காத்திருக்கணும். இறங்கின அன்னிக்கு எடுக்கறத விட இறங்கறதுக்கு முன்னாடியே எடுத்து வெக்கறது நல்லது.

கிராஜுவிட்டி கணக்கு. நம்மாளு போன்ல மொத்த சம்பளத்த வெச்சு கணக்குப் போட்டு வெச்சிருந்தான், அங்கதான் எல்லாருமே ஏமாறுவாங்க. பேசிக், அதாவது அலவன்ஸ் சேராத அடிப்படைச் சம்பளம் மட்டுந்தான் கணக்கு. மொத அஞ்சு வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் பேசிக், அதுக்கு மேல வருஷத்துக்கு 30 நாள். மொத்த சம்பளம் 12,000 திர்ஹாம், பேசிக் 6,000, ஏழு வருஷ சர்வீஸ்னு வெச்சுக்கங்க. ஒரு நாள் பேசிக் 200. இருபத்தோரு நாளைக்கு 4,200, அஞ்சு வருஷத்துக்கு 21,000. மிச்ச ரெண்டு வருஷத்துக்கு 12,000. ஆக 33,000. இவன் மனசுல வெச்சிருந்தது 66,000, நான் சொன்னதும் ரெண்டு நிமிஷம் பேச்சே இல்ல. இதோட எடுக்காத லீவுக்கு காசு வரும், அதுவும் பேசிக்லதான். வேற கம்பெனில சேரலைன்னா ஊருக்கு டிக்கெட்டும் கம்பெனி குடுக்கணும். வேலை முடிஞ்சு 14 நாளைக்குள்ள எல்லாத்தையும் செட்டில் பண்ணணும்னு 2022 பிப்ரவரில வந்த புது லேபர் சட்டத்துல இருக்கு. கேன்சலேஷன் பேப்பர்ல 'எனக்கு வரவேண்டியது எல்லாம் வந்திருச்சு'ன்னு ஒரு வரி இருக்கும், பேங்க்ல காசு ஏறாம அதுல கையெழுத்து போடாதீங்க. நான் 2009-ல போட்டேன், கடைசி மாச ஓவர்டைம் இன்னிக்கு வரைக்கும் வரல. குடுக்க மாட்டேன்னா லேபர் மினிஸ்ட்ரில கம்ப்ளெயின்ட் குடுக்கலாம், பயப்படாதீங்க. இந்திய கான்சுலேட்டோட உதவி மையம் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவுல சட்ட ஆலோசனையும் கெடைக்கும். டிஐஎஃப்சி (துபாய் நிதி மையம்) மாதிரி சில ஃப்ரீ ஸோனுக்கு தனி சட்டம், அங்க இருக்கறவங்க இந்தக் கணக்க அப்படியே எடுத்துக்காதீங்க.

எங்க காலத்துல இல்லாத ஒண்ணு இப்ப இருக்கு, ஐஎல்ஓஇ, அதாவது வேலை போனா கொஞ்ச நாளைக்கு காசு குடுக்கற இன்சூரன்ஸ், 2023 ஜனவரில இருந்து கட்டாயம். பேசிக் 16,000 வரைக்கும் இருக்கறவங்க மாசம் அஞ்சு திர்ஹாம் கட்டியிருப்பீங்க. தொடர்ந்து பன்னண்டு மாசம் கட்டியிருந்து, நீங்களா ராஜினாமா பண்ணாம, ஒழுங்கு நடவடிக்கையும் இல்லாம வேலை போயிருந்தா பேசிக்ல 60 சதவீதம் மூணு மாசம் வரைக்கும் வரும். அந்த 6,000 பேசிக்குக்கு மாசம் 3,600. வேலை போய் 30 நாளைக்குள்ள கிளெய்ம் போடணும், நாட்ட விட்டுக் கெளம்பிட்டா நின்னுரும். அதனால எச்ஆர் "ரிசைன் லெட்டர் குடுத்துருங்க, ரெக்கார்டு நல்லா இருக்கும்"னு தேன் தடவி பேசினா சிரிச்சுட்டே வேண்டாம்னு சொல்லிருங்க.

கடன்தான் பெரிய வம்பு. கேக்கவே புடிக்காது, ஆனா கேளுங்க. 2009-ல ஏர்போர்ட் பார்க்கிங்ல கார விட்டுட்டு ஓடினவங்க கதை ஊரெல்லாம் பேசினாங்க, அதுல ரெண்டு பேரு நமக்கே தெரிஞ்ச ஆளுங்க, அப்புறம் வேற வேலை கெடச்சும் துபாய் பக்கம் திரும்பிப் பாக்க முடியாம போச்சு. லோன் இருந்தா பேங்க்காரன் உங்க ஃபைனல் செட்டில்மென்ட் ஏறின உடனே அக்கவுண்ட்ட அமுக்கிப் புடிக்கலாம். அதுக்கு முன்னாடி நீங்களே போய் வேலை போயிருச்சு, தவணைய மாத்திக் குடுங்கன்னு எழுதிக் குடுக்கறது மேல், அப்பவே போனா பேசறதுக்காவது ஆளு இருப்பான். கிரெடிட் கார்டுல கடைசி மாச வீட்டுச் செலவ ஓட்டிட்டு ஊருக்குப் போய் கட்டிக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க. வாடகைக்குக் குடுத்த போஸ்ட் டேட்டட் செக் பவுன்ஸ் ஆனா முன்ன மாதிரி நேரா ஜெயில்னு இல்ல, 2022-ல சட்டத்த மாத்திட்டாங்க, ஆனா கோர்ட்டு நேரா வசூல் பண்ணும், நாட்ட விட்டுப் போக முடியாதபடி டிராவல் பேனும் போடலாம். வாடகை காண்ட்ராக்ட்ல நடுவுல காலி பண்ணா ரெண்டு மாச வாடகைனு போட்டிருக்கான்னு பாருங்க, போடலைன்னா ஓனர் கிட்ட பேசுங்க, வேற ஆளப் புடிச்சுக் குடுத்தா சில பேரு விட்டுருவாங்க. துபாய்ல ஃபிளாட்டுக்கு தேவா (கரண்ட், தண்ணி) டெபாசிட் 2,000 திர்ஹாம் இருக்கும், மறந்துறாதீங்க. சோபா, கட்டில கார்கோல போடாதீங்க, வித்துருங்க. எங்க சோபாவ கார்கோல போட்டு கொண்டு வந்தேன், சேலம் கன்னங்குறிச்சி வீட்டு வாசப்படிலயே நுழையல, இன்னும் மொட்ட மாடில தார்பாய் போத்திக் கெடக்கு.

புள்ளைங்க படிப்ப வெச்சுத்தான் குடும்பத்த எப்ப அனுப்பறதுன்னு முடிவாகணும். அங்க இந்தியன் ஸ்கூல் ஏப்ரல்ல ஆரம்பிக்கும், நம்மூர்ல ஜூன்ல. மார்ச்சுல முடிச்சுட்டு வந்தா ரெண்டு மாசம் மூச்சு வாங்கிக்கலாம். சிபிஎஸ்இ-ல ஒம்பதாவதுலயும் பதினொண்ணாவதுலயும் போர்டுல பேரு பதிஞ்சிருவாங்க, பத்தாவதுக்கும் பன்னண்டாவதுக்கும் ஸ்கூல் மாத்தணும்னா போர்டு அனுமதி வேணும், அந்த வகுப்புல புள்ள இருந்தா எப்பாடு பட்டாவது பரீட்ச வரைக்கும் அங்கயே தள்ளப் பாருங்க. டிசி வாங்கி கேஹெச்டிஏ (துபாய் ஸ்கூல்களப் பாத்துக்கற அரசு அமைப்பு) அட்டெஸ்டேஷன், அங்கயே பொறந்த புள்ளன்னா பர்த் சர்டிபிகேட் அட்டெஸ்டேஷன், ரெண்டையும் அங்க இருக்கும்போதே முடிங்க, இங்க வந்துட்டு ஆள் மேல ஆள் புடிச்சு அலையறது தலைவலி. கம்பெனில எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டும் கேளுங்க, அது இலவசமா குடுத்தாகணும்.

இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க, தமிழ். 2006 தமிழ் கற்றல் சட்டப்படி இங்க ஸ்கூல்ல தமிழ் கட்டாயம், அங்க ஹிந்தியோ பிரெஞ்சோ எடுத்த புள்ள வீட்ல தமிழ் பேசும், 'ழ' எழுதச் சொன்னா முழிக்கும். என் பையன் 2009-ல நாலாவது. எங்கம்மா அவனக் கூட்டிட்டுப் போய் கன்னங்குறிச்சி ஸ்டாப்ல உக்கார வெச்சு வர பஸ் போர்ட எல்லாம் படிக்க வெப்பாங்க, ஜங்ஷன், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டைன்னு. அம்பது பைசா மிட்டாய்க்கு ஒரு போர்டு. ரெண்டு மாசத்துல படிச்சுட்டான். இப்ப லெட்டர் கைக்கு வந்த அன்னிக்கே புள்ளைக்கு அ ஆ ஆரம்பிச்சிருங்க, போன்ல பாட்டி சொல்லிக் குடுக்கட்டும், அவங்களுக்கும் பொழுது போகும்.

ஊருக்கு வந்தா என்ன. ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல விடியக்காலைல ஜங்ஷன்ல எறங்கினா ஆட்டோக்காரர்ல ஆரம்பிச்சு தட்டு வடை செட் கடை வரைக்கும் ஒரே கேள்வி, "லீவா? எப்ப திரும்பி?" மொத நாளே "வேலை முடிஞ்சுருச்சுங்க, இனி இங்கதான்"னு சொல்லிப் பாருங்க, ஒரு வாரம் உச்சுக் கொட்டுவாங்க, அப்புறம் அவங்கவங்க பொழப்பப் பாப்பாங்க. மறச்சீங்கன்னா வருஷக்கணக்குல நடிக்கணும், நடிப்புக்குச் செலவு வேற ஆகும், ஏன்னா துபாய்க்காரன்னு கல்யாணத்துல மொய் பெருசா எழுத வேண்டி வரும்.

செட்டில்மென்ட் பணம் வந்த வாசன அடிச்சதும் சொந்தக்காரங்க ஐடியாவோட வருவாங்க. செவ்வாய்ப்பேட்டைல வெள்ளிக் கொலுசுல பணத்தப் போடு, ஏற்காட்டுல ரெண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் சல்லிசா வருதுன்னு. தோட்டத்தப் பத்தி மட்டும் சொல்றேன். என்ஆர்ஐயா இருக்கறவரைக்கும் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கவே ஃபெமா (அந்நியச் செலாவணி) சட்டத்துல எடமில்ல, அங்க இருந்துட்டு பவர் குடுத்து இங்க யாரையாவது விட்டு பதிவு பண்ணா பின்னாடி சிக்கல். திரும்பி வந்து ரெசிடென்ட் ஆனதுக்கு அப்புறம் வாங்கலாம், ஆனா காப்பிச் செடி வெச்சா காய்ப்பு பாக்க மூணு நாலு வருஷம், வேலைக்கு ஆளு இல்ல, சில்வர் ஓக்ல ஏத்தின மிளகுதான் கொஞ்சம் காப்பாத்தும். ஒரு வருஷத்துக்கு வீட்டுச் செலவு எவ்ளோன்னு எழுதி அத தனியா எஃப்டில போட்டுட்டு அப்புறம் ஏற்காடு ஏறுங்க, இருவது ஹேர்பின் வளைவு இருக்கு, ஏறும்போதே யோசிக்க நேரம் கெடைக்கும்.

பேங்க் விஷயம் சுருக்கமா. நிரந்தரமா திரும்பிட்டா வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கான என்ஆர்இ அக்கவுண்ட்ட அப்படியே ஓட்டக்கூடாது, பேங்க்ல சொல்லி ரெசிடென்ட் அக்கவுண்டாவோ ஆர்எஃப்சி (திரும்பி வந்தவங்க வெளிநாட்டுக் காசாவே வெச்சுக்கற) அக்கவுண்டாவோ மாத்தணும், அந்த வட்டிக்கு வரி விலக்கும் அதோட போயிரும். பல வருஷம் வெளிய இருந்தவங்களுக்கு ஆர்என்ஓஆர்னு, அதாவது ஊர்ல இருந்தாலும் வரிக் கணக்குல முழு ரெசிடென்ட் ஆகாத ஒரு நிலை கெடைக்கும், பொதுவா ரெண்டு வருஷம், அதுவரைக்கும் வெளிநாட்டு வருமானத்துக்கு இங்க வரி வராது. ஆடிட்டர ஒரு தடவ பாத்துருங்க.

கடைசியா அங்கத்த சிம். ஊருக்கு வந்ததும் கெத்தா தூக்கி எறியாதீங்க. தேவா டெபாசிட் ரீஃபண்ட், பேங்க் அக்கவுண்ட் மூடறது, கார்டு க்ளியரன்ஸ் எல்லாத்துக்கும் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும். கெளம்பறதுக்கு முன்னாடி ரோமிங் போட்டு, குறைஞ்ச பிளானுக்கு மாத்தி, ஒரு பழைய போன்ல போட்டு சார்ஜ்ல வெச்சுக்கங்க. எங்க வீட்ல அது டிவி பக்கத்துல ஆறு மாசம் கெடந்துச்சு, எப்ப டிங்குன்னு சத்தம் வந்தாலும் எல்லாரும் ஓடுவோம்.