இரு வேதத்துக்கும் பொதுவான ஒரு சொல்: 'எகாத்' சுவர்த்துணி

சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் உள்ள மகைன் அபோத் என்ற யூத ஜெப ஆலயத்துக்கும், ஓஃபிர் ரோட்டில் தமிழ்ப் பூசை நடக்கும் லூர்து மாதா ஆலயத்துக்கும் பொதுவான வசனம் ஒன்று உண்டு. இறைவன் ஒருவரே என்று சொல்லும் உபாகமம் 6:4. மாற்கு 12:29இல் இயேசு எடுத்துச் சொல்வதும் அதையே. அதைச் சுவரில் தொங்கவிடும் துணியில் தைப்போம். ஆனால் முழு வசனத்தையும் தைக்க வேண்டாம். அதில் இறைவனின் பெயர் வருகிறது. அப்பெயர் உள்ள துணி பழசானாலும் யூதர்கள் குப்பையில் போடமாட்டார்கள், புதைப்பார்கள். எபிரெய வசனத்தின் கடைசிச் சொல்லான 'எகாத்' (ஒருவர்) போதும். கீழே தமிழில் 'ஒருவரே'. யூதர்களின் ஏழு கிளை விளக்கான மெனோராவின் மேல் சிலுவையை ஏற்றும் வடிவங்களைத் தவிர்த்துவிடுங்கள். பார்க்கும் யூதருக்கு அது உறுத்தும்.

துணிக்கும் நிறங்களுக்கும் யாத்திராகமம் 26:31இல் வரும் ஆசரிப்புக் கூடாரத் திரைச்சீலையே முன்மாதிரி. அதற்குத் தமிழ் வேதாகமம் 'பஞ்சுநூல்' என்கிறது. மூலத்தில் இருப்பது லினன். அரப் ஸ்ட்ரீட் துணிக்கடைகளில் 60 × 80 செ.மீ. வெள்ளை லினன் வாங்குங்கள். தைத்து முடித்தபின் அளவு 40 × 60 ஆக இருக்கும். முதலில் துவைத்துவிடுங்கள், லினன் சுருங்கும். கம்பளி நூல் கூடாது: லினனோடு கம்பளி கலந்த உடைக்குத் தோராவில் (மோசேயின் ஐந்து நூல்களில்) தடை. இது உடை அல்லதான், ஆனாலும் அந்த விவாதம் எதற்கு? டிஎம்சி நிறுவனத்தின் பருத்திப் பூத்தையல் நூலில் நீலம் (எண் 797), ஊதா (550), சிவப்பு (321) எடுங்கள். சிவப்பை ஈர வெள்ளைத் துணியில் தேய்த்து, சாயம் போகிறதா என்று பாருங்கள்.

எழுத்துகள் வலமிருந்து இடமாக: ஆலெஃப், ஹேத், தாலேத். அயர்ன் போட்டுப் பதிக்கும் டிரான்ஸ்ஃபர் தாளில் வரைந்தால் இடவலம் மாறிப் பதியும். சன்னல் வெளிச்சத்தில் நகலெடுங்கள். முதல் இரண்டும் 9 செ.மீ. உயரம், தாலேத் 12. தோராச் சுருளிலும் இந்தத் தாலேத் பெரிதாகவே இருக்கும். காரணம் உண்டு: அதன் மூலை உருண்டால் ரேஷ் என்ற வேறு எழுத்து ஆகிவிடும், 'ஒருவர்' என்பது 'வேறொருவர்' ஆகிவிடும்! அதனால் மேல்கோடு, காலைத் தாண்டி வலப்பக்கம் 5 மி.மீ. நீளட்டும். சங்கிலித் தையலை மூலையில் அப்படியே வளைக்காதீர்கள். சிறு தையலால் கட்டி முடித்து, அதே புள்ளியில் புதிதாகத் தொடங்குங்கள். ஹேத்தின் இடக்கால் மேல்கோட்டைத் தொடவேண்டும். இடைவெளி விட்டால் அது ஹே என்ற எழுத்து. எபிரெய எழுத்துகளுக்கு நூலின் ஆறு இழைகளில் மூன்று, தமிழுக்கு இரண்டு. நூல் 45 செ.மீ.க்கு மேல் வேண்டாம், சிக்கும்.

தைத்து முடித்ததும் அயர்ன் போடும் அவசரம் வேண்டாம். நீரில் கரையும் பேனாக்கோடு சூட்டில் நிரந்தரமாகிவிடும். முதலில் குளிர்ந்த நீரில் அலசுங்கள். பிறகு பின்பக்கமிருந்து தேயுங்கள். கஞ்சி போடாதீர்கள். நம் ஈரக்காற்றில் பூஞ்சையும் வெள்ளிப்பூச்சியும் அதைத்தான் தேடி வரும்.

மேலே 4 செ.மீ. குழல்மடிப்பு தைத்து, மரக்கோல் செருகி, சுவரிலிருந்து 1 செ.மீ. தள்ளித் தொங்கவிடுங்கள்.