நைட் டூட்டியில் திருட்டுத் தூக்கம் வேண்டாம், சொல்லிவிட்டே தூங்குங்கள்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஆண்கள் மெடிக்கல் வார்டு, 22 படுக்கை, இரவில் இரண்டு சிஸ்டர். காலையில் அடுத்த ஷிப்டிடம் வார்டை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவரில் இன்சார்ஜ் சிஸ்டர் ஒரு ஐ.ஓ. சார்ட்டை, அதாவது பேஷண்டுக்கு உள்ளே போன, வெளியே வந்த நீரின் அளவை எழுதும் தாளை, எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு மணிக் கட்டத்தில் 200 என்று ஒழுங்காக எழுதியிருந்தேன். நான்கு மணிக் கட்டத்தில் 1 போட ஆரம்பித்த பேனா, எண்ணை முடிக்காமல் புழு ஊர்ந்த மாதிரி தாளின் ஓரம் வரை இழுத்துக்கொண்டு போயிருந்தது.

“எத்தனை மணிக்கும்மா சாஞ்ச?” என்றார்.

“தூங்கல சிஸ்டர்.”

“தூங்கினதைப் பத்தி நான் கேக்கல. அந்த நேரத்துல உன் பேஷண்ட்ட யாரு பாத்தா?”

என்னிடம் பதில் இல்லை. கூட இருந்த அக்காவும் அதே நேரத்தில் லினன் ரூமில் சாய்ந்திருந்தார் என்பது எனக்குத்தான் தெரியும். அன்று யாருக்கும் எதுவும் ஆகவில்லை, தப்பித்தோம். பிற்பாடு நானே இன்சார்ஜ் ஆகி, மற்றவர்களின் நைட் ரிப்போர்ட்டைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் அந்தக் கேள்வியின் அருமை புரிந்தது. இரவு வேலையில் தூக்கத்தைச் சுற்றி நாம் செய்கிற தவறுகளில் முக்கால்வாசி, தூங்குவதால் வருவதில்லை. மறைத்துத் தூங்குவதால் வருகின்றன.

இதற்கெல்லாம் அடியில் ஒரு நினைப்பு இருக்கிறது. இரவில் கண் சொக்குவது சோம்பேறித்தனம், நல்ல நர்ஸுக்குத் தூக்கம் வராது என்கிற நினைப்பு. உடம்பு அப்படி ஓடுவதில்லை. விடியற்காலை நான்கு, ஐந்து மணி வாக்கில் நம் உடல் சூடு அன்றைய நாளின் அடிமட்டத்துக்கு இறங்குகிறது. கவனமும் கூடவே இறங்குகிறது. பத்து வருடம் நைட் பார்த்தாலும் பெரும்பாலோருக்கு இது மாறாது. 1997-ல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் தூங்காதவர்களையும் மது குடித்தவர்களையும் ஒரே சோதனையில் வைத்துப் பார்த்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கைத்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைந்திருந்தது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்படும் உச்ச அளவே 0.03 சதவீதம்தான். அதாவது காலை ஆறு மணிக்கு எழுந்து, வீட்டு வேலை முடித்து, பகலில் கண்ணை மூடாமல் நைட்டுக்கு வந்தவர், இரவு 11 மணிக்கே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறார். போலீஸ் ஊதச் சொன்னால் மாட்டமாட்டார், அவ்வளவுதான்.

ஆகவே முதல் தவறு வார்டுக்கு வரும் முன்பே நடந்துவிடுகிறது. முதல் நைட் அன்று பகலை “லீவு” மாதிரி எண்ணி, துணி துவைத்து, ரேஷன் கடைக்குப் போய், சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கும் தலைகாட்டிவிட்டு, அப்படியே டூட்டிக்கு வருவது. மத்தியானம் ஒன்றரை மணி நேரம் படுத்தாலே இரவு வேறு இரவாகிவிடும். “நைட்டுதானே, பகல்ல சும்மாதானே இருக்க” என்று சொல்கிற வீட்டாரிடம் இதைப் புரியவைப்பது ஐ.சி.யூ. வேலையைவிடக் கஷ்டம் என்பது தெரியும். ஆனாலும் அந்த ஒன்றரை மணி நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இனி வார்டுக்குள். முதலில் உங்கள் மருத்துவமனையின் விதி என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிரேக்கில் படுக்கலாம் என்றால் படுக்கலாம். கூடாது என்றால், பிரேக் எங்கே, எவ்வளவு நேரம் என்றாவது கேட்டு வாங்க வேண்டும். “இங்க எல்லாரும் தூங்குவாங்க, யாரும் கேக்கமாட்டாங்க” என்பது விதி ஆகாது. ஏதாவது ஆகிவிட்டால் அதே “எல்லாரும்” உங்களைத் தனியாக நிற்க விட்டுவிடுவார்கள்.

பிரேக் உண்டென்றால், போகும்போது வாயால் ஒரு சின்ன ஹேண்ட் ஓவர். “ஏழாம் பெட் டிரிப்ஸ் ரெண்டு பத்துக்கு முடியும். பன்னிரண்டுல ஆக்ஸிஜன் நாலு லிட்டர், சாச்சுரேஷன் 92-க்குக் கீழ போனா என்னை எழுப்புங்க. பதினஞ்சுக்கு மூணு மணிக்கு சுகர் பாக்கணும். நான் டூட்டி ரூம்ல இருக்கேன்க்கா, ரெண்டு மணிக்கு வந்துடுவேன்.” அரை நிமிடம்கூட ஆகாது. நைட் சூப்பர்வைசருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மருந்து அலமாரிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள். சிரிக்க வேண்டாம். சாவி ஒருவர் பாக்கெட்டில், அவர் எந்த ரூமில் படுத்திருக்கிறார் என்று தெரியாமல் இன்னொருவர் ஓடித் தேடுகிற கூத்தை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அதில் ஒரு முறை ஃபிட்ஸ் பேஷண்ட்.

வார்டு ஆயாம்மாவிடம் “கொஞ்சம் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போவது ஹேண்ட் ஓவர் ஆகாது. அவருக்கு அனுபவம் நம்மைவிட அதிகமாகவே இருக்கலாம். ஆனால் மானிட்டர் கத்தினால் என்ன செய்வது என்பதற்கு அவரைப் பொறுப்பாக்குவது நியாயமில்லை. பேஷண்டோடு இருக்கிற அட்டெண்டரிடம் சொல்வது இன்னும் மோசம்.

எவ்வளவு நேரம் தூங்குவது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறோம். இருபதிலிருந்து முப்பது நிமிடம் நல்ல அளவு. அமெரிக்காவின் நாசா நீண்டதூர விமானிகளிடம் செய்து பார்த்த ஆய்வில், காக்பிட்டில் அவர்களுக்குக் கிடைத்த சராசரித் தூக்கம் 26 நிமிடம். அதற்கே தெளிவில் நல்ல வித்தியாசம் தெரிந்தது. முக்கால் மணி, ஒரு மணி என்று போனால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் யாராவது வந்து உலுக்குவார்கள். அப்போது வரும் மந்தம் சாதாரணமாகக் கால் மணியிலிருந்து அரை மணி வரை இருக்கும், சில நேரம் அதையும் தாண்டும். நடப்போம், பேசுவோம், ஆனால் மூளை இன்னும் பாயில்தான் கிடக்கும். நீளமாகத் தூங்கத்தான் வேண்டும் என்றால் ஒன்றரை மணி நேரம், தூக்கத்தின் ஒரு சுற்று முடியும்வரை. ஜப்பானில் 16 மணி நேர நைட் பார்க்கும் நர்ஸுகளுக்கு இரண்டு மணி நேரம் படுக்க விடுவது வழக்கத்தில் இருக்கிறது. நம் ஊர் ஆள்பலத்துக்கு இருபது நிமிடமே பெரிய விஷயம்.

நேரமும் முக்கியம். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் ஒன்றரைக்கு, மற்றவர் இரண்டரைக்கு. நாலு மணிக்கு இருவரும் தெளிந்து நிற்கிற மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். காலை வேலையெல்லாம் முடித்துவிட்டு அஞ்சரைக்குக் கொஞ்சம் சாயலாம் என்று நினைப்பது ஆபத்து, ஏனென்றால் அடுத்து வருவது இன்சுலின் நேரம்.

இன்சுலின் சிரிஞ்சை ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பாருங்கள். சிவப்பு மூடி போட்டது மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கு. ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. நம் ஊரில் இரண்டு வகை மருந்துக் குப்பியும் புழக்கத்தில் இருக்கின்றன, பல சமயம் ஒரே ஃபிரிட்ஜில், ஒரே டிரேயில். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். பேஷண்ட் காலை இட்லி வருவதற்குள் சர்க்கரை இறங்கி வேர்த்து மயங்கிவிடுவார். இதைத் தெரியாத நர்ஸ் கிடையாது. தெரிந்த விஷயத்தைக் கண் பார்த்தும் மூளை வாங்காமல் விடுகிற நேரம்தான் எழுந்தவுடன் வருகிற அந்த முதல் கால் மணி. அதனால் எழுந்ததும் முகம் கழுவி, தண்ணீர் குடித்து, ஒரு ரவுண்டு நடந்து, வெளிச்சமான இடத்தில் நின்று, பிறகே மருந்தைத் தொடுங்கள். இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு மூன்றையும் அந்த நேரத்தில் தனியாளாக லோட் செய்யாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் காட்டி, அளவை வாய்விட்டுச் சொல்லுங்கள். “அக்கா, ஒரு தடவ பாத்துடுங்க” என்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

எங்கே படுப்பது? காலியாக இருக்கிற பேஷண்ட் பெட்டில் வேண்டாம். விரிப்பு மாற்றியாயிற்றா, முந்தைய பேஷண்டுக்கு என்ன தொற்று என்பதெல்லாம் இரவில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. நர்ஸிங் ஸ்டேஷன் மேஜையில் தலை கவிழ்ப்பதும் வேண்டாம். கழுத்து பிடித்துக்கொள்ளும் என்பது ஒரு பக்கம். விழித்திருக்கும் அட்டெண்டர் பார்ப்பது இன்னொரு பக்கம். அவருடைய அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருக்க, எதிரே நர்ஸ் கவிழ்ந்து கிடந்தால் அவர் மொபைலை எடுக்கத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

பிரேக்கை ரீல்ஸ் பார்த்துக் கழிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரை மணியும் போயிருக்கும், கண்ணும் எரியும்.

சாப்பாடு. ஊருக்குத் தூங்கா நகரம் என்று பேர் இருப்பதால் நடுச்சாமத்திலும் கேட்டுக்கு வெளியே பரோட்டாவும் சால்னாவும் கிடைத்துவிடுகிறது. நாலு பரோட்டாவைச் சால்னாவில் பிசைந்து ஒரு மணிக்குச் சாப்பிட்டால், மூன்று மணிக்கு யார் வந்து என்ன சொன்னாலும் கண் நிற்காது. இரவில் செரிமானமும் மந்தம், சர்க்கரையைக் கையாள்வதிலும் உடம்பு மந்தம். எட்டு மணிக்கு முன்பே வீட்டில் சாப்பிட்டுவிட்டு, நடுவில் இரண்டு இட்லியோ ஒரு பழமோ போதும். டீ, காபி உள்ளே போய் வேலை செய்ய இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஆகவே படுக்கும் முன் ஒரு காபி குடித்துவிட்டு இருபது நிமிடம் தூங்கி எழுந்தால் இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். ஆனால் குடித்ததில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். விடியற்காலை ஐந்து மணி டீ, காலை ஒன்பது மணித் தூக்கத்தைத் தின்றுவிடும்.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்கு இரக்கமே கிடையாது. ஆறு மணி பி.பி., பல்ஸை நாலு மணிக்கே எழுதி வைத்துவிட்டுச் சாய்வது. தூக்கம் உடம்பின் வேலை, இது கையின் வேலை. அசதியில் விட்டுப்போனால் கட்டத்தைக் காலியாக விட்டு, எப்போது பார்த்தீர்களோ அந்த நேரத்தைப் போட்டு எழுதுங்கள். திட்டு விழும், விழட்டும். தொந்தரவாக இருக்கிறதென்று மானிட்டர் அலாரத்தை நிறுத்தி வைப்பதும் இதே கணக்கில் சேரும்.

சரி, ஒரே ஒரு நர்ஸ் இருக்கிற இடத்தில்? உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கம் சின்ன நர்ஸிங் ஹோம்களில் இரவுக்கு ஒரு சிஸ்டர், ஒரு ஆயாம்மா என்றே ஓடுகிறது. மாற்றிவிட ஆள் இல்லாதவருக்கு நான் மேலே சொன்ன எதுவும் உதவாது. அங்கே தூங்க வழியில்லை. விளக்கை எரியவிட்டு, மணிக்கு ஒரு முறை எழுந்து நடந்து, கணக்குப் போடுகிற வேலைகளை இரண்டு மணிக்கு முன்பே முடித்துவைப்பது ஓரளவு தாங்கும். மிச்சம் நிர்வாகத்தின் பொறுப்பு. இரண்டாவது ஆள் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டு, நகல் வைத்துக்கொண்டு.

நிர்வாகத்தின் தவறுகளும் குறைவில்லை. மாலை டூட்டி முடித்தவரையே ஆள் வரவில்லை என்று நைட்டுக்கும் நிறுத்துவது, நைட் முடிந்த மறுநாளே காலை டூட்டி போடுவது, ரோஸ்டரில் மட்டும் பிரேக் காட்டுவது. ஷிப்டை மாற்றினால் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் மாற்றினால் உடம்பு ஓரளவு ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் நம் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். பின்னோக்கி மாற்றுவது அதனுடன் மல்லுக்கட்டுவது. சில சூப்பர்வைசர்கள் தூங்குகிறவரை போட்டோ எடுத்து குரூப்பில் போடுகிறார்கள். அடுத்த நாளிலிருந்து யாரும் தூங்கமாட்டார்கள் என்று அவர்கள் நினைப்பு. எல்லோரும் இன்னும் மறைவான இடமாகத் தேடுவார்கள், லினன் ரூம் கதவுக்கு உள்தாழ்ப்பாள் விழும்.

டூட்டி முடிந்த பிறகுதான் பெரிய ஆபத்து. ஒத்தக்கடை தாண்டி மேலூர் போகிற நாலுவழிச் சாலையில், ஸ்கூட்டியில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நாலு வினாடி கண் செருகினால் வண்டி 55 மீட்டர் தானாகப் போயிருக்கும். கிளம்பும் முன் டூட்டி ரூமிலேயே இருபது நிமிடம் படுத்துவிட்டுப் போங்கள். தொடர்ச்சியாக மூன்றாவது நைட் என்றால் வண்டியை விட்டுவிட்டு வரலாம். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கண்டக்டரிடம் ஸ்டாப்பைச் சொல்லி வைத்துவிட்டால் அவர் எழுப்பிவிடுவார். எனக்கு நாலைந்து முறை எழுப்பிவிட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்குப் போனதும் சமையலை முடித்துவிட்டுப் படுக்கலாம் என்று தள்ளாதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு, பதினொன்றரைக்கு மேல் மொட்டை மாடிச் சூடு அறைக்குள் இறங்கிவிடும். எட்டரைக்கே படுத்தால் மூன்று மணி நேரமாவது உருப்படியாகக் கிடைக்கும். மிச்சத்தைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துகிற பகுதிகளின் பட்டியல் முந்தின நாள் பேப்பரிலேயே வந்துவிடும். அதில் உங்கள் தெரு இருந்தால் அன்றைக்கு அம்மா வீட்டிலோ தோழி வீட்டிலோ படுக்க முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.