டைப்-சி ஹெட்போன் கன்வெர்ட்டர் வாங்கும்போது

போனில் ஹெட்போன் துளை இல்லையென்றால், கன்வெர்ட்டர் வாங்கும் முன் அட்டையில் 'டிஏசி' என்று இருக்கிறதா பாருங்கள். டிஜிட்டல் ஒலியை அனலாக் ஒலியாக மாற்றும் சிப் அதுதான். அது இல்லாத வெறும் இணைப்பான் எல்லா போனிலும் வேலை செய்யாது. நான் அப்படி ஒன்றைச் செருகிப் பார்த்தேன், பாட்டு ஸ்பீக்கரிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

டிஏசி இருந்தும் சத்தம் வரவில்லையா? செட்டிங்ஸில் 'ஓடிஜி' (வெளிக்கருவிகளைப் போனில் இணைக்கும் வசதி) என்று தேடி ஆன் செய்யுங்கள். சில போன்களில் 10 நிமிடம் சும்மா இருந்தால் அது தானாக அணைந்துவிடும்.

அப்புறம், வால்யூமைக் குறைத்துவிட்டே செருகுங்கள். சாதாரண இயர்போனில் எந்த டிஏசி என்றாலும் பெரிய மாற்றம் தெரியாது. 250, 300 ஓம் (மின்தடை அளவு) ஹெட்போன் என்றால் வலுவான டிஏசி அவசியம். மிருதங்கத்தின் தொப்பியில் (இடது பக்கத்தில்) எழும் கும்கி என்ற ஆழ்ந்த நாதம் அப்போதுதான் நிறைவாகக் கேட்கும்.