சென்னையில் நண்பர்களோடு சைவச் சாப்பாடு: முதலில் மணியைப் பாருங்கள்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து இறங்கியதும் பள்ளி, கல்லூரி நண்பர்கள் கேட்பது, "எங்க சாப்பிடப் போலாம்?" நம்மில் பலர் உடனே ஒரு கடையின் பெயரைச் சொல்லிவிடுகிறோம். சென்னையில் அதற்கு முன்பு முடிவுசெய்ய வேண்டியது எத்தனை மணிக்கு என்பதை. இங்கே சைவ ஓட்டல்கள் கடிகாரத்தின்படி நடக்கின்றன. காலைப் பொங்கலைப் பதினொரு மணிக்கு மேல் தேடினால் கிடைப்பது அரிது. மதியம் இலைச் சாப்பாடு ஓடும்போது பழைய ஓட்டல்கள் பலவற்றில் தோசைக்கல் ஓய்வில் இருக்கும். மூன்று, மூன்றரைக்கு மேல்தான் மறுபடி டிபன். பெரிய கிளைக் கடைகளில் நாள் முழுக்க எல்லாம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் ஊருக்கு வந்து அந்தந்த வேளைக்கு உரியதைச் சூடாகச் சாப்பிடுவதில் இருக்கும் சுகத்தை விட்டுவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால் காலை டிபனுக்குச் சந்திப்பதே மேல். வெயில் ஏறியிருக்காது, ஞாயிற்றுக்கிழமை என்றால் சாலையும் காலியாக இருக்கும், வேலைக்குப் போகும் நண்பர்களும் நிதானமாக வருவார்கள். மயிலாப்பூர் இதற்கென்றே வாய்த்த பேட்டை. அருண்டேல் தெருவில் ராயர் மெஸ், கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ். பொங்கல், வடை, இட்லி என்று எளிமையான பட்டியல்தான். ராயர் மெஸ்ஸின் கெட்டிச் சட்னிக்காகவே வருகிறவர்கள் உண்டு. இடம் சின்னது. ஏழெட்டுப் பேராகப் போய் ஒரே மேசையில் உட்கார நினைக்காதீர்கள். மூன்று நான்கு பேர் என்றால் சரியாக இருக்கும். பறக்கும் ரயிலில் வந்தால் திருமயிலை நிலையத்தில் இறங்கலாம். திருவல்லிக்கேணிப் பக்கம் என்றால் 1948 முதல் நடக்கும் ரத்னா கபே. அங்கே சாம்பார் இட்லி என்று கேட்டால், இட்லி மூழ்கும்வரை சாம்பாரை ஊற்றுவார்கள், தீரத் தீர மறுபடியும் ஊற்றுவார்கள்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள்: இந்தக் கடைகள் உட்கார்ந்து கதை பேசுவதற்கு ஏற்றவை அல்ல. நாம் காபியை ஆற்றிக் குடிப்பதற்குள் அடுத்தவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, இங்கே இடம் பிடிக்கும் முறையே அதுதான். பத்து வருடக் கதையை அந்த நாற்காலியில் பேசித் தீர்க்க முடியுமா? அதனால் சாப்பிட ஓர் இடம், பேச ஓர் இடம் என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூரில் சாப்பிட்டால் லஸ் பக்கத்து நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு நடந்தே போகலாம். மாலையில் பெசன்ட் நகர் கடற்கரை. அங்கே தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலும் கையில் இருக்கும். கால் வலிக்காரர்களும் பெற்றோரும் கூட வந்தால், கூட்டம் தணிந்த நாலு மணி வாக்கில் ஒரு பெரிய ஓட்டலின் ஏசி அறையைத் தேர்ந்தெடுங்கள். சில கடைகளில் ஏசி அறைக்கு விலைப் பட்டியல் தனி, கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். ரொம்ப நாள் கழித்து வருகிறவர்கள் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலைப் பற்றி இன்னும் விசாரிக்கிறார்கள். மணிக்கணக்கில் அரட்டை அடிக்க விட்ட அந்த இடம் 2008-ல் மூடப்பட்டது. 2010 முதல் அங்கே செம்மொழிப் பூங்கா இருக்கிறது. டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் உள்ள நியூ உட்லண்ட்ஸ் வேறு, அது இயங்குகிறது.

மதியச் சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள், தாமதமாகப் போனால் பொரியலும் கூட்டும் ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோகும். 'அன்லிமிடெட்' சாப்பாட்டை ஒன்று வாங்கி இரண்டு பேர் பகிர்ந்துகொள்ள விடமாட்டார்கள். குறைவாகச் சாப்பிடுகிறவர் 'லிமிடெட்' அல்லது 'மினி மீல்ஸ்' வாங்கிக்கொள்ளலாம்.

மாலை என்றால் சௌகார்பேட்டைக்குப் போங்கள். பல வருடம் சென்னையில் வாழ்ந்துவிட்டு வெளிநாடு போனவர்கள்கூட இந்தப் பக்கம் காலெடுத்து வைத்திருக்க மாட்டார்கள். மார்வாடி, குஜராத்திக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி, அதனால் தெருவுக்குத் தெரு சைவம். மின்ட் தெருவில் காக்கடா ராம்பிரசாத் கடையின் ஜிலேபியும் ஆலு டிக்கியும் பேர்போனவை. என்.எஸ்.சி. போஸ் சாலைப் பக்கம் சீனா பாய் டிபன் கடையில் குட்டி இட்லியிலும் ஊத்தப்பத்திலும் நெய்யும் பொடியும் வழிய வழியக் கொடுப்பார்கள். மாலையில்தான் கடை சுறுசுறுப்பாகும், நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். இங்கே ஒரே கடையில் வயிற்றை நிரப்பாமல் எதை வாங்கினாலும் ஒரு தட்டு வாங்கி நாலு பேரும் எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தால் நண்பர்களோடு போனதன் பலன் முழுதாகக் கிடைக்கும். பட்டியலில் 'ஜெயின்' என்று போட்டிருந்தால் வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாதது என்று பொருள். கார் எடுத்துப் போகவேண்டாம், நிறுத்த இடமே இருக்காது. மெட்ரோவில் மண்ணடியிலோ உயர் நீதிமன்ற நிலையத்திலோ இறங்கி ஆட்டோ பிடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை சில கடைகள் திறக்காமல் இருக்கலாம், வார நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

அசைவம் சாப்பிடும் நண்பர்களும் சேர்ந்து வந்தால்? பிரியாணிக் கடைக்குப் போனால் சைவக்காரருக்கு மிஞ்சுவது தயிர்ப் பச்சடிதான், பாவம். ஆந்திரச் சாப்பாட்டுக் கடைகள் இதற்கு நல்ல தீர்வு. பருப்புப் பொடி, நெய், பப்பு, கோங்குராத் துவையல் என்று அடிப்படைச் சாப்பாடு சைவம். அசைவத்தைத் தனியாக வாங்கிக்கொள்கிறார்கள். எல்லாரும் ஒரே மேசையில் வயிறாரச் சாப்பிடலாம். கலப்புக் கடைகளில் வாய்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது: பரோட்டா மாவில் முட்டை உண்டா, வெஜ் ஃப்ரைட் ரைஸ் அதே சட்டியில்தான் செய்கிறார்களா, சால்னா தனியா என்று. பாரிமுனைப் பக்கம் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடைகளிலும் முட்டை வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும், கூட வரும் சூப்பையும் விசாரிக்க வேண்டும்.

வெளிநாட்டில் முட்டையைச் சைவத்தில் சேர்த்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே முட்டை அசைவம், பால் சைவம். பாக்கெட் பலகாரங்களில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். பாலும் நெய்யும்கூட வேண்டாம் என்பவர்களுக்குத்தான் கொஞ்சம் சிரமம். பொங்கலில் நெய் உண்டு, ரவா கிச்சடியில் உண்டு, நெய் ரோஸ்ட்டைச் சொல்லவே வேண்டாம். இட்லி, இடியாப்பம், எண்ணெயில் வார்த்த தோசை இவை கைகொடுக்கும். "நெய் போடாம, எண்ணெய்லயே" என்று சொல்லுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனிக்க வேண்டியது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும்; அது சாம்பார், ரசம் இரண்டிலும் விழுகிறது. ரவா தோசையிலும் கோதுமை உண்டு. இதைச் சர்வரிடம் கேட்டால் தெரிய வாய்ப்பில்லை, நீங்களே ஒதுக்கிவிடுங்கள்.

வந்து இறங்கிய முதல் இரண்டு நாள் வயிற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆவியில் வெந்ததும் கல்லிலிருந்து நேராக வருவதும் பயமில்லை. தேங்காய்ச் சட்னிதான் இந்த வெயிலில் சீக்கிரம் ஊசிப்போகும். கூட்டம் இல்லாத கடையில், இரவு நேரத்தில், சட்னிக்குப் பதில் பொடியும் நல்லெண்ணெயும் கேளுங்கள். தண்ணீருக்கு மூடி உடைக்காத பாட்டில், அல்லது சுடுதண்ணீர். சுடுதண்ணீர் கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

டிசம்பரில் வருகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இசை விழா நடக்கும் மாதத்தில் கச்சேரி நடத்தும் சபாக்களின் கேன்டீனே ஒரு தனித் திருவிழா. கச்சேரிக்கு டிக்கெட் இல்லாமலும் கேன்டீனுக்குப் போய்ச் சாப்பிடலாம், கச்சேரி கேட்கவே வராத கூட்டமும் அங்கே உண்டு. சமைக்கிறவர்கள் வருடத்துக்கு வருடம் மாறுவதால், இந்த ஆண்டு எந்த சபாவில் நன்றாக இருக்கிறது என்று உள்ளூர் நண்பரைக் கேட்டுவிட்டுப் போங்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஊரே சைவத்துக்கு மாறுவதால் ஓட்டல்களில் இடம் கிடைப்பது கஷ்டம். தீபாவளி, பொங்கல் நாட்களில் சின்ன மெஸ்கள் பல மூடியிருக்கும்.

பணம். சின்னக் கடைகளில் வெளிநாட்டு அட்டை செல்லாது, யு.பி.ஐ. (கைப்பேசி வழியாகப் பணம் கட்டும் முறை) அல்லது ரொக்கம். உங்களுக்கு இங்கே வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கு இருந்தால், சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, அமீரகம் போன்ற நாடுகளின் கைப்பேசி எண்ணிலேயே யு.பி.ஐ. வைத்துக்கொள்ளலாம். புறப்படுவதற்கு முன்பே வங்கியில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். பில்லில் 5 சதவீத ஜி.எஸ்.டி. வருவது முறை. 'சர்வீஸ் சார்ஜ்' என்று தனியாகச் சேர்த்திருந்தால் அதைக் கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை. தானாகச் சேர்க்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது, எடுத்துவிடச் சொல்லலாம். பரிமாறியவருக்குக் கையில் கொடுக்கச் சில்லறை நோட்டு வைத்திருங்கள்; யு.பி.ஐ.-யில் கட்டும் பணம் முதலாளிக்குத்தான் போகும்.

தலைக்கு இவ்வளவு என்று பில்லைப் பிரிக்கும் பழக்கம் வெளிநாட்டில் நமக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். இளையவர்களோடு என்றால் அது சரி. பழைய சிநேகிதர்களிடம் கணக்குப் பார்த்தால் மனம் வருந்துவார்கள். "வெளிநாட்டிலேர்ந்து வந்திருக்க, நீ கையை எடு" என்று பர்ஸை மறைப்பார்கள். ஒருமுறை விட்டுக்கொடுங்கள். அடுத்த தடவை கை கழுவப் போகிற சாக்கில் கல்லாவுக்குப் போய் முன்னாலேயே கட்டிவிடுங்கள்.