பூல் போட்டியில் சேருமுன் உங்கள் ரேட்டிங்கை நீங்களே கணிக்க

பில்லியர்ட்ஸ் வகை விளையாட்டான பூலில் முதல் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது “லெவல் என்ன?” என்று கேட்டால் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். ஃபார்கோ ரேட்டிங் (வெற்றி தோல்விகளை வைத்துப் பூல் ஆட்டக்காரருக்குக் கணக்கிடும் திறன் எண்) உள்ள ஒருவருடன் 30 ஆட்டம் ஆடி, யார் எத்தனை ஜெயித்தீர்கள் என்று எண்ணுங்கள். வளைகுடாவில் லீக் ஆடிவிட்டு விடுமுறைக்கு வரும் கீழக்கரைக்காரர் யாராவது மாட்டினால் விடாதீர்கள். அவருக்கு 500, நீங்கள் ஜெயித்தது 10 என்றால் உங்களுக்குச் சுமார் 400. ஆளுக்குப் பாதி என்றால் நீங்களும் 500 பக்கம்தான்.

ஃபார்கோ கணக்கில் 100 புள்ளி இடைவெளி என்பது 2-க்கு 1 என்ற வெற்றி விகிதம். அழகான ஷாட்டுக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. நம்மூரில் கேரம் பழகிய கைகள் அதிகம். கோணம் பார்த்துப் பந்தைக் குழியில் தள்ளிவிடுவார்கள், ஆனால் வெள்ளைப் பந்து அடுத்து எங்கே நிற்கும் என்பதில்தான் கோட்டை விடுவார்கள். அதனால் சுயமதிப்பீடு எப்போதும் கொஞ்சம் ஏறியே இருக்கும்.

30 ஆட்டம் தோராயம்தான். 200 ஆட்டம் பதிவானால்தான் ஃபார்கோவே ஒரு ரேட்டிங்கை உறுதியானதாக எடுத்துக்கொள்ளும். கடற்காற்றின் ஈரத்தில் டேபிள் துணி இழுக்கும், பந்து மந்தமாக ஓடும். அது நீங்கள் தினம் ஆடும் டேபிள், அவருக்குப் புதிது என்றால் கிடைத்த எண்ணைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். ஏபிஏ (அமெரிக்கப் பூல் ஆட்டக்காரர் சங்கம்) லீக்கில் இந்த வேலையே தேவையில்லை: புதியவர்களை ஒரு தொடக்க லெவலில் அவர்களே தொடங்கவைத்து, பிறகு ஆட்டத்தைப் பார்த்து மாற்றுவார்கள்.